கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

மே 15, கடலூர்

பேரப்பிள்ளைகளோடு அரசு அருங்காட்சியகம் போனேன். "தொட்டுப் பாக்கலாமா தாத்தா?" என்றாள் சின்னவள். கூடாது என்றேன். விரல் வியர்வையின் உப்பு வெண்கலத்தை அரிக்கும், தடை நியாயமே. ஆனால் அச்செடுத்த நகலைத் தொடலாமே! பார்வையில்லாத பிள்ளைக்குச் சிலையை அறிய விரல்தானே வழி?

மே 16, தேவனாம்பட்டினம்

மாலையில் சில்வர் பீச். நல்ல கூட்டம். கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கம்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்துப் பேச்சு. திசைக்கொரு குண்டு சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். கதை நடந்த மண்ணும் சில இடிபாடுகளும்தான் மிச்சம். அந்த மண்ணில் ஒரு திசைவட்டம் பதித்து, திருப்பக்கூடிய மாதிரிப் பீரங்கி ஒன்றை வைத்தால், எந்தப் பக்கம் எந்த ஊர் என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

மே 17, சிதம்பரம்

நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுர வாசல். இரு பக்கமும் 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள். சிற்பங்களோடு நாட்டிய சாஸ்திர சுலோகங்களும் வெட்டியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலிலும் கரணங்கள் உண்டு. 81 முடிந்து, மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஆனால் அவை விமானத்தின் மேல்தளத்தில், பொதுமக்கள் போகாத இடத்தில். இங்கேயோ எல்லாரும் நடக்கும் வழியில். பெரியவன் ஒரு சிற்பத்தைப் பார்த்துக் காலைத் தூக்கி நின்றான். "இடுப்பை இன்னும் வளைக்கணும்ணா" என்றாள் தங்கை. பூ விற்கும் அம்மாவும் சேர்ந்துகொண்டு திருத்தினார். மூன்று நாளில் பிள்ளைகள் அதிகம் கற்றது இந்த வாசலில்தான்.

மே 18, கடலூர்

உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். மும்பை சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம் பேருந்தில் காட்சிப்பொருள்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்புகிறது. நமக்கு அந்தச் செலவுகூட வேண்டாம். சிதம்பரம் தேர்வீதி ஓரத்தில் கரணங்களின் பாத அச்சும், தமிழில் விளக்கமும், தொட்டறிய நகலும். கடலூர்க் கடற்கரையில் அந்தத் திசைவட்டம். இதையே மனுவாக எழுதி கடலூர் மாநகராட்சிக்கும் சிதம்பரம் நகராட்சிக்கும் அனுப்பினேன். அவர்கள் செய்யும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டாம். பள்ளி திறந்ததும் பிள்ளைகளைக் கோபுர வாசலுக்கு அழைத்துப் போங்கள்; பார்க்க மட்டுமல்ல, நின்று காட்டவும் சொல்லுங்கள்.