துருத்தியும் சுழலிறகும்

ஆலயத்தில் ஆர்கன் இசைப்போர் பலரும் அறியாத செய்தி ஒன்று. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில், தம் தந்தையாரின் ஆர்கன் தொழிற்சாலையில் வேலை செய்த எட்வின் லிங்க் என்பார், ஆர்கன் துருத்திகளைக் கொண்டே தரையில் நின்று ஆடும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்து முடித்தார். 1934இல் தபால் சுமந்து பறந்த இராணுவ விமானிகள் பலர் கொடிய வானிலையில் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் அக்கருவிகளில் ஆறினை வாங்கிற்று. இன்றைய சிமுலேட்டர்களுக்கு அதுவே மூதாதை.

2022ஆம் ஆண்டுக் கோடையில் அலபாமா மாநிலத்துப் பங்கு ஒன்றில் சில திங்கள் பணிபுரிய நாம் அனுப்பப்பட்டிருந்தோம். அண்மையிலேயே ஃபோர்ட் ரக்கர் இராணுவத் தளம். 1954 முதல் தரைப்படையின் விமானிகள் பயிலும் இடம் அது. நம் பங்கு அலுவலகச் செயலரான அம்மையாரின் ஒரே மகனும் அங்கே ஹெலிகாப்டர் பயின்று வந்தான். அவன் பறக்கும் நாள்களில் ஞாயிறு அறிவிப்புத் தாளில் பிழைகள் மலியும்.

பங்கைச் சேர்ந்த பயிற்சி ஆசிரியர் ஒருவர், அலுவலகத்தார் அனைவரையும் சிமுலேட்டரைக் காண ஒருநாள் அழைத்துச் சென்றார். இடக்கை நெம்புகோலை உயர்த்தினால் சுழலிறகுகள் யாவும் ஒருசேரச் சாய்ந்து ஊர்தி எழும்பும். வலக்கைக் கோல் அது செல்லும் பக்கத்தை ஆளும். மிதிகள் வால் விசிறியை ஆளும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் உடனே திருத்தியாக வேண்டும். கணக்கர் கையில் அது பத்து வினாடியும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மறைக்கல்வி ஆசிரியையோ கண்களை இறுக மூடிக்கொண்டே ஓட்டினார்!

செயலர் அம்மையார் கோலைத் தொடவே இல்லை. "என்ஜின் நின்றுபோனால் என்ன நேரும்? அதைக் காட்டுங்கள்" என்றார்.

ஆசிரியர் சற்றே தயங்கினார். பின்னர் என்ஜினை நிறுத்தினார். இரைச்சல் அடங்கிற்று, திரையில் தரை விரைந்து மேலெழுந்தது. அவர் நெம்புகோலை முற்றிலும் தாழ்த்தினார். விழும்போது கீழிருந்து எழும் காற்றே இறகுகளைத் தொடர்ந்து சுழற்றும் என்றார். தரையை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணித்து, இறுதியில் நெம்புகோலை இழுத்து மெல்ல இறக்கினார்.

"மீண்டும்" என்றார் அம்மையார். மூன்று முறை கண்டார். நான்காம் முறை தம் கையையும் நெம்புகோலின் மேல் வைத்தார்.

"என் மகன் இதில் தவறியதுண்டா?"

"உண்டு, அம்மா. தவறினால் பொத்தானை அழுத்தி முதலிலிருந்து தொடங்குவோம்."

லொரேத்தோ அன்னையை 1920இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட் விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அவ்வன்னையின் பதக்கம் அம்மையாரின் மேசையில் எப்போதும் இருக்கும். விசுவாசம் குன்றியவரே அஞ்சுவர் என்று முழங்கும் பிரசங்கங்கள் உண்டு. அவற்றில் நமக்கு உடன்பாடில்லை. இவர் அஞ்சிக்கொண்டேதான் செபமாலை சொன்னார். ஒரு மணியையும் விட்டதில்லை.

திரும்பும் வழியில் அவர் பேசவில்லை. இடக்கை மட்டும் மடியில் உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது.

மறுவாரம் மகனுக்கு இரவுப் பறப்புப் பயிற்சி தொடங்கிற்று. அம்மையார் அறிவிப்புத் தாளைப் பாதியில் நிறுத்தி, ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். "இருட்டில் தரை எவ்வளவு அருகில் என்பதை எவ்வாறு அறிவீர்கள்?" என்று கேட்டு, அவர் கூறியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலானார்.