நீரிலும் நிலத்திலும்

கரக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கலைக்குண்டா என்னும் பெயர் புதிதன்று. நகரை அடுத்துள்ள வானூர்தித் தளம் அது. போர் வானூர்திகளின் முழக்கம் எழும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சை இடையில் நிறுத்திக்கொள்வதும், முழக்கம் ஓய்ந்தபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வதும் நமக்கெல்லாம் பழகிப்போன செயல்கள். இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டில், அமெரிக்கரின் பி-29 என்னும் பெரும் குண்டுவீச்சு வானூர்திகள் இவ்வட்டாரத்துத் தளங்களிலிருந்து பறந்தன என்பதையும் நம்மில் பலர் அறிவர். ஆனால் போர் முடிந்தபின் 1946இல் அதே கலைக்குண்டாவில் ஒரு மனிதரின் உள்ளத்தில் விழுந்த விதையைப் பற்றி அறிந்தோர் சிலரே.

அவர் பெயர் பென் கார்லின். ஆஸ்திரேலியர், இந்தியப் படையின் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர். தளத்தில் எஞ்சிக் கிடந்த போர்த் தளவாடங்களிடையே படகு போன்ற உடலும் ஜீப்பின் சக்கரங்களும் கொண்ட ஒரு வண்டியை அவர் கண்டார். இதைக் கொண்டு உலகையே சுற்றிவரலாம் என்னும் எண்ணம் அங்கேயே அவருக்குத் தோன்றியது. மறு ஆண்டு அமெரிக்காவில் அத்தகைய வண்டி ஒன்றை ஏலத்தில் 901 டாலருக்கு எடுத்தார். முதல் முயற்சிகள் தோற்றன. 1950 ஜூலையில் மனைவி எலினோருடன் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அட்லாண்டிக் கடலில் மிதந்து, அசோர்ஸ் தீவுகளை அடைந்தார். 1958இல் மாண்ட்ரியல் நகரில் அவர் பயணம் நிறைவெய்தியது. கடற்குமட்டலால் வாடி வதங்கியும் உடன் சென்ற எலினோர் பிற்பகுதிப் பயணத்தின் இடையில் விலகிக்கொண்டார். எஞ்சிய வழியைக் கார்லின் வேறு துணைகளுடன் கடந்தார்.

அவ்வண்டியின் பெயர் ஃபோர்டு ஜி.பி.ஏ. 1942, 1943 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 12,778 வண்டிகள் செய்யப்பட்டன. சாதாரண ஜீப்பின் நான்கு சிலிண்டர் எஞ்சினே இதற்கும். இரும்புத் தகட்டாலான படகுடல், பின்புறம் ஓர் உந்து சுழலி, ஒரு சுக்கான், புகும் நீரை வெளியேற்றப் பம்பு ஆகியவை கூடுதல். ஜீப்பைவிட எடை மிகுந்தமையால் நிலத்தில் மந்தம். விளிம்பு நீர்மட்டத்தைவிட்டு அதிகம் உயராமையால் அலைமிகு நீரில் ஆபத்து. இரண்டிடத்தும் அரைகுறை என்று படையினர் குறைகூறிய வண்டியில்தான் ஒரு மனிதர் உலகைச் சுற்றினார்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்பது கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையே குறிக்கும். எழுதுகோல் ஒருவர் கையில் இருப்பினும், முதுகு ஒருவருடையதே ஆயினும், வலி இருவருடையது. ஆகவே ‘நான்’ என்றெழுத மனம் வரவில்லை.

எங்களுள் அலுவலகம் செல்பவர் தொடர்வண்டித் துறையில் எழுத்தர். 2009ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்பாத நிலையில், அவருக்கு இடுப்பின் அடியில் வலி தோன்றியது. நாற்காலியில் குனிந்து கோப்பெழுதுவோர்க்கு வருவதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மருத்துவமனையில் முதுகெலும்பு வட்டு நழுவியிருக்கிறது என்று கூறிப் பலகைக் கட்டிலில் அசையாது படுக்கச் சொன்னார்கள். படுக்கப் படுக்க வலி வளர்ந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு உறக்கம் கலையும். எழுந்து பல் துலக்கக் குனிவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். காலுறை மாட்டிவிட மற்றவர் வேண்டும். பத்து மணிக்குமேல் நடமாடத் தொடங்கினால் உடல் இளகும். ஆகவே அலுவலகத்தில் இவரைக் கண்டவர்கள் இவர் நோயாளி என்று நம்பவில்லை. இல்லத்தில் கண்டவர்கள் இவர் அலுவலகம் செல்கிறார் என்று நம்பவில்லை.

ஆறு ஆண்டுகள் கழிந்தபின் 2015இல் கொல்கத்தாவில் மூட்டு வாத நோய் வல்லுநர் ஒருவர் எங்களிடம் கேட்ட முதற் கேள்வி, “ஓய்வெடுத்தால் வலி குறைகிறதா, கூடுகிறதா?” என்பது. அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. இரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 சோதனையும், இடுப்பு மூட்டுகளின் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்பட்டன. நோயின் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சி உண்டாகி, நாளடைவில் எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துபோகவும் கூடிய நோய். முற்றிலும் போக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. உடற்பயிற்சி அவற்றோடு சேர்ந்த மருந்து. அன்று மாலை ஹவுராவிலிருந்து திரும்பும் வண்டியில் நாங்கள் அழவில்லை. பெயர் தெரிந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

மறுநாள் முதல் விடியலில் தொடர்வண்டி நிலையத்து நடைமேடையில் நடக்கலானோம். 1072.5 மீட்டர் நீளமுள்ள அந்நடைமேடை நெடுங்காலம் உலகிலேயே நீளமானது எனப் பெயர் பெற்றிருந்தது. 2013இல் கோரக்பூரின் நடைமேடை அதை முந்திவிட்டது. எங்களுக்கு அதில் வருத்தமில்லை. ஒருமுறை போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டருக்குமேல் என்னும் கணக்கு மாறவில்லையே.

அந்நடையில்தான் வங்கப் பெரியவர் ஒருவர் அறிமுகமானார். பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைத் தாதா என்போம். அவர் இல்லத்தரசியைப் பௌமா என்று, தம்பியின் மனைவியை அழைக்கும் முறையில், அழைப்பார். 2018இல் ஒருநாள் நகருக்கு வெளியே உள்ள தம் குடும்பத்து நெல்குத்தும் ஆலைக்கு எங்களை அழைத்துச் சென்றார். வைக்கோற்போருக்குப் பின்னால், வாழை மறைப்பில், துருவேறிய ஓர் இரும்புப் படகு சக்கரங்களோடு நின்றது. போருக்குப்பின் தளவாடங்களை விற்றபோது அவருடைய தந்தையார் வாங்கியதாம். உந்து சுழலி பித்தளையாகையால் எப்போதோ களவுபோயிருந்தது. அடித்தகட்டில் கை நுழையும் ஓட்டைகள் இருந்தன. “சாவதற்குள் இதை ஒருமுறை என் குளத்தில் மிதக்கவிட வேண்டும்” என்றார் தாதா.

நாங்கள் உதவுவதாக ஒப்புக்கொண்டோம். இதனை எங்கள் உறவினர் எவரும் ஏற்கவில்லை. முதுகு வளையாதவனுக்கு வண்டி வேலையா என்று கும்பகோணத்திலிருந்து மாமனார் தொலைபேசியில் கடிந்துகொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் இரண்டு மாதங்களில் நல்ல நாளொன்று கிடைத்தால் பகல் முழுதும் துரு சுரண்டுவதும், அதன் விளைவாக மூன்று நாள் படுக்கையில் கிடப்பதுமாக இருந்தது. பிறகு இல்லத்தரசி ஒரு குறிப்பேடு போட்டார். எத்தனை நிமிடம் வேலை, மறுநாள் காலை இறுக்கம் எத்தனை நாழி என்று நாள்தோறும் எழுதினார். அலுவலகக் கோப்பையும் வெல்லும் ஒழுங்கு அதில் இருந்தது. நான்கு மாதக் குறிப்பிலிருந்து ஒரு விதி பிறந்தது: இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் நடை, நல்ல நாளானாலும் மூன்று முறைக்குமேல் இல்லை, தீய நாளானாலும் ஐந்து நிமிடமேனும் உண்டு. மணி ஒலித்தால் திருகில் பாதி கழன்றிருந்தாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

வேலையும் அவ்விதிக்கு இசைந்தது. சுத்தியலால் தகட்டை மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்துப்போன இரும்பு மழுங்கிய ஒலி தரும். ஒலி மழுங்கிய இடத்தில் சாக்கட்டியால் வட்டமிட வேண்டும். அவ்விடங்களை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துத் தாதா பற்றவைத்தார். மெல்லிய தகடு சூட்டில் நெளியுமாதலால் ஒரு புள்ளி இங்கும் ஒரு புள்ளி அங்குமாகச் சூடு ஆறவிட்டுப் பற்றவைக்க வேண்டும். அவசரத்துக்கு அதில் இடமில்லை. உந்து சுழலியை ஹவுராவின் வார்ப்படச் சாலை ஒன்றில் செய்வித்தோம். சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் படகுடலைத் துளைத்து வெளிவரும் இடங்களில் நீர் புகாதிருக்க உறைகள் வேண்டும். அவற்றுக்கு இல்லத்தரசி தாளில் அச்சு வெட்டினார். ரவிக்கைக் கை வெட்டுவதும் இதுவும் ஒன்றே என்றார். ரப்பர் பூசிய கித்தானில் அவர் தைத்த உறைகள் இன்றும் பிரியவில்லை.

2020இல் பெருந்தொற்று வந்து வேலை பல மாதங்கள் நின்றது. 2021 இறுதியில் நோய் கடுமையாகச் சீறியது. கண்ணும் சிவந்து பார்வை மங்கியது. இந்நோயுற்றோர்க்குக் கண்ணின் உள்ளே அழற்சி வருவதுண்டு. மருத்துவம் பார்த்துப் பார்வை மீண்டது. ஆயினும் எங்கள் நெஞ்சுறுதி மீளவில்லை. போதும், ஊரோடு போய்விடுவோம் என்று முடிவு செய்து திருச்சிக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதினோம். சொந்த வேண்டுகோளின் பேரில் பிற கோட்டத்துக்கு மாறினால் பணிமூப்பில் அடிவரிசைக்குச் செல்ல வேண்டும். அதற்கும் துணிந்தோம். மகளோ, தான் பிறந்த ஊர் இதுதானே, எந்த ஊருக்குத் ‘திரும்புவது’ என்று கேட்டாள். அவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாமல் விண்ணப்பத்தில் கையொப்பம் இடுவதை ஒரு ஞாயிறு தள்ளிப்போட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாதா சுழலித் தண்டுக்குப் பாக்கிங் வைத்துக்கொண்டிருந்தார். மூல அடைப்பு மக்கிப் போனமையால், நாட்டுப் படகுகளில் எஞ்சின் பொருத்துவோர் செய்வதுபோலக் கொழுப்பூட்டிய கயிற்றைத் தண்டைச் சுற்றிச் செலுத்தி இறுக்கினார். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் ஒரு சொட்டும் வராதே என்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். “முழுக்க இறுக்கினால் தண்டு சூடேறித் தேய்ந்துபோகும். சொட்டுச் சொட்டாக வரட்டும். அந்த நீர்தான் தண்டைக் குளிரவைக்கும். சேர்வதை இறைக்கப் பம்பு இருக்கிறது” என்றார்.

அவர் படகைப் பற்றித்தான் பேசினார். ஆனால் வீடு திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் அதையே வேறொன்றாகப் பேசிக்கொண்டு வந்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு சொட்டும் புகாத நாளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். அந்த நாள் கரக்பூரில் இல்லாவிட்டால் கும்பகோணத்தில் இருக்கும் என்று எண்ணியே விண்ணப்பம் எழுதினோம். அங்கு மண் நம் மண்; மொழி நம் மொழி; முதுகோ இதே முதுகு. இங்கோ நோயறிந்த மருத்துவர் இரண்டு மணிப் பயணத்தில் இருக்கிறார். விடியலில் நடக்க ஒரு நடைமேடை இருக்கிறது. மகளின் பள்ளி இருக்கிறது. அவ்விண்ணப்பம் மேசை இழுப்பறையில் இன்றும் உள்ளது. கிழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை.

2023இல் துர்க்கா பூசை கழிந்த ஞாயிறன்று, குளம் நிறைந்திருந்தபோது, வண்டியை இறக்கினோம். அதற்கு முந்திய வாரமே கரையில் நிறுத்தி உள்ளே நீர் ஊற்றி, வெளியே கசிந்த இடங்களையெல்லாம் அடைத்திருந்தோம். தாதா சக்கரத்தைப் பிடித்தார். பௌமா கைப்பம்பின் அருகில் அமர்ந்தார். மூன்றாமவர் பின்புறம் விளிம்பைப் பற்றி நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாதென்பது குறிப்பேடு கற்பித்த பாடம். முன்சக்கரங்கள் தரை விட்டபோது வண்டி ஒருமுறை தாழ்ந்து, பிறகு தானே நிமிர்ந்தது. வாத்துகள் விலகின. சுழலி நீரைத் தள்ள, நடைவேகத்தில் குளத்தை இரண்டு சுற்று சுற்றினோம். உள்ளே கணுக்கால் அளவு நீர் சேர்ந்தது. பம்பு அதை இறைத்துக்கொண்டேயிருந்தது. எண்பதை நெருங்கிய தாதா ஒன்றும் பேசவில்லை. கரையேறியபின் நெடுநேரம் வண்டியின் பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

அடுத்த இரண்டு நாட்கள் எங்கள் வீட்டில் ஒருவர் படுக்கையை விட்டு எழவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரும்பைச் செப்பனிட்டால் உடம்பும் செப்பமாகிவிடும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. துரு போன இடத்தில் புதுத் தகடு வைக்கலாம். முதுகெலும்புக்கு அவ்வழி இல்லை. அளவறிந்து செய்த வேலை எங்களுக்குத் தந்தது வேறு. நாளின் பேச்சு முழுவதும் வலியைப் பற்றியதாக இருந்த வீட்டில், பாக்கிங் கயிற்றைப் பற்றியும் சுழலியைப் பற்றியும் பேச்சு எழுந்தது.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு இளைஞர் எவர்க்கேனும், நாற்பது வயதுக்குள், மூன்று மாதங்களுக்குமேல் இடுப்பு வலி நீடித்து, அது காலையில் மிகுந்து, ஓய்வில் வளர்ந்து, நடந்தால் தணியுமாயின், நாற்காலியின்மேல் பழிபோட்டுக் காத்திராதீர்கள். மூட்டு வாத நோய் வல்லுநரை நாடுங்கள். எங்களுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தது உங்களுக்கு ஆறு வாரங்களில் தெரியட்டும்.

தாதாவின் குளத்தில் இப்போது கோடை நீர்தான். வண்டி கொட்டகையில் நிற்கிறது. மழைக்கு முன் பாக்கிங் கயிறு மாற்ற வேண்டும். வரும் ஞாயிறு இருபது நிமிடம் அதற்கென ஒதுக்கிக் குறிப்பேட்டில் எழுதியாயிற்று.