40 பவுன்

பி.ஏ. படித்த நாட்களில் ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) எனக்கு எலிசபெத்தின் நாவலாக மட்டுமே இருந்தது. காலின்ஸ் என்ற பாதிரியாரை அவள் மறுக்கும் இடத்தை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறேன். இருவரும் சிரித்தோம்.

வங்கியில் குமாஸ்தாவாகி, வட்டிக் கணக்கே பிழைப்பான பிறகு மறுபடி படித்தபோது அதே இடத்தில் ஒரு தொகை கண்ணில் பட்டது. எலிசபெத்துக்கு வரவேண்டியது நான்கு சத வட்டிப் பத்திரத்தில் 1,000 பவுன், அதுவும் தாய் இறந்த பிறகுதான் என்று காலின்ஸ் நினைவூட்டுகிறான். வருஷத்துக்கு 40 பவுன். தகப்பனாரின் சொத்து வருஷத்துக்கு 2,000 தருகிறது. ஆண் வாரிசு இல்லாததால் அது காலின்ஸுக்கே போய்ச் சேரும். பெண் கேட்டு வந்திருப்பவன், நாளை வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடியவனும்தான். கோமாளியின் பேச்சில் இந்த மிரட்டல் இருந்தது அன்று எனக்குக் கேட்கவில்லை. எலிசபெத் 'மாட்டேன்' என்றது இந்த 40 பவுனின் மேல் நின்றுகொண்டு.

சில நாட்களுக்குள் அவளுடைய சிநேகிதி, 27 வயது ஷார்லட், அதே காலின்ஸுக்குச் சம்மதிக்கிறாள். இனி பழைய நெருக்கம் இல்லை என்று எலிசபெத் தீர்மானிக்கிறாள். நானும் அவள் கட்சியாகத்தான் இருந்தேன். 29 வயதில் அக்கா, புத்தகமே தொடாத ஒருவருக்குச் சம்மதித்தபோது, சமரசம் செய்துகொண்டாய் என்றேன். 'கல்யாணம் வேண்டாம், என் சம்பளம் இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆஸ்டனே 1802 டிசம்பரில் ஒருவருக்குச் சம்மதம் சொல்லி, மறுநாள் காலையில் வேண்டாம் என்றவர். இந்த நாவலை 110 பவுனுக்கு விற்றவர். மறுப்பின் விலை தெரிந்ததாலேயே ஷார்லட்டைத் தண்டிக்க அவருக்கு மனம் வரவில்லை என்று தோன்றுகிறது. கணவன் அடிக்கடி எட்டிப் பார்க்காத பின்பக்க அறையை ஷார்லட் தனக்கென்று வைத்துக்கொள்கிறாள். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவனை வெளியே அனுப்புகிறாள். அந்த வீட்டில் வைத்துத்தான், வருஷத்துக்கு 10,000 பவுன் உள்ள டார்சியையும் எலிசபெத் மறுக்கிறாள். டார்சி மாறி, மறுபடி வருகிறான். நாவல் அவளுக்கு ஈடு கட்டிவிடுகிறது. ஷார்லட்டுக்குக் கிடைத்தது அந்த அறை. எலிசபெத்தின் துணிச்சலை இன்றும் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு இன்னொருத்தியை அளக்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கூடத்தில் இருந்தார், அக்கா பின்கட்டில். காப்பியை அங்கேயே உட்கார்ந்து குடித்தேன்.