பின் இருக்கைக்கும் குடை உண்டா?

"வண்டிக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி எடுத்தாச்சு. எது நடந்தாலும் காப்புறுதி பார்த்துக்கும்." சாலை வரி புதுப்பிக்கும் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் தம்பி சொல்லும் வசனம் இது. உங்கள் வீட்டிலும் ஒருவர் சொல்லியிருப்பார்.

காலை நிகழ்ச்சிக்கு ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு என் காரில் இரண்டு சக ஊழியர்கள் வருவார்கள். அதனால் முகவர் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நான் மோதி, பின்னால் இருக்கிறவங்களுக்கு அடிபட்டால்?"

"அதுக்குத் தனியா எடுக்கணும்மா."

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்புக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் சொந்தக் காரில் சும்மா ஏற்றிச் செல்லும் பயணிகள் அந்தக் கட்டாயத்துக்குள் வருவதில்லை. நம் கவனக்குறைவால் அடிபட்ட நண்பர் வழக்குப் போட்டால், பணம் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். அதற்குத்தான் 'பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு' என்ற கூடுதல் பிரிவு. கட்டணம் சில பத்து ரிங்கிட்தான். எதிரே வந்த அந்நியருக்குக் குடை உண்டு, பக்கத்தில் உட்கார்ந்த தோழிக்கு இல்லை என்பது எனக்கு இன்னமும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பிரிவையும் நிதானமாகப் படியுங்கள். பல பாலிசிகளில் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தார் அதில் சேர மாட்டார்கள். அம்மாவுக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்தேன். "நான்தான் பெல்ட் போடுறேனே" என்று முணுமுணுத்தார்.

இன்னொன்று, பணத்தால் தீராதது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில், ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாமில், சைக்கிள்களில் சென்ற எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தனர். காரோட்டிய இளம்பெண் மீது, காப்புறுதியைக் கட்டாயமாக்கும் அதே 1987 சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இரண்டு முறை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அவரை விடுவித்தது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் கட்டும். அபராதத்தையும் சிறையையும் எந்த பாலிசியும் ஏற்காது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், தன் பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தைத் தேட ஆரம்பித்தான்.