படகிலும் தூய்மை

இங்கிலாந்தின் கால்வாய்களில் சிறு படகில் செல்கையில் கழிப்பறை என்பது ஒரு பெட்டிதான். மேல்தொட்டியில் கழுவும் நீர். சுமார் 20 லிட்டர் கொள்ளும் கீழ்த்தொட்டியில் கழிவு. இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீர் புழங்கும் நமக்கு அது விரைவில் நிறைந்துவிடும். கால்வாயில் கவிழ்க்கலாகாது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கால்வாய் நீரோ ஏறத்தாழ நின்ற நீரே. ஆகவே கரையில் ‘எல்சன்’ எனப்படும் கழிவு கொட்டுமிடத்துக்குச் சுமந்து செல்கிறோம். ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அழுத்தியபடியே சரிக்க வேண்டும். இல்லையேல் குபுகுபுவெனத் தெறித்து ஆடை நஜீஸாகிவிடும். (மூக்கைப் பொத்த மூன்றாவது கை இல்லை!) பெட்டி நிறைந்துவிடுமே என்று நம் பெண்கள் நீர் அருந்தாமல், அடக்கிக்கொண்டே தொழுகைக்கு நிற்பதுதான் நம்மை வருத்துகிறது. ஆண்கள் ஒரு நாள் முந்தியே சுமந்து சென்று கொட்டிவிடலாமே?