பேட்டரி போனால் வண்டியும் போச்சா? பழைய மின் ஸ்கூட்டருக்கு உயிர் கொடுக்கும் சென்னை வீதிகள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பினால் நடை தானாகவே மெதுவாகிவிடும். வேகமாக நடக்க அங்கே இடமில்லை. ஒரு பக்கம் சிசிடிவி கேமரா பெட்டிகளைச் சுமந்துகொண்டு வருகிறவர், இன்னொரு பக்கம் கல்லூரி புராஜெக்ட்டுக்கு சர்க்யூட் போர்டு தேடும் மாணவர்கள், நடுவில் ஹாரன் அடித்தபடி நுழையும் பைக்குகள். இரண்டு கடைக்கு ஒருவர், "என்ன சார் வேணும்? சார்ஜரா, லேப்டாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

இந்தக் கூட்டத்தில் வேறு ஒரு வகை வாடிக்கையாளரையும் இப்போது பார்க்கலாம். அவர் செல்போனில் ஒரு போட்டோ இருக்கும். மின் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் பேட்டரியை எடுத்த படம் அது. "இதுக்கு லித்தியம் போட முடியுமா?" என்பதுதான் அவர் கேள்வி.

வண்டி வாங்கி சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். ஆரம்பத்தில் ஒரு சார்ஜில் 50 கிலோமீட்டர் போனது, இப்போது 15 கிலோமீட்டரில் மூச்சு வாங்குகிறது. மேம்பாலம் ஏறினால் நடைவேகம்தான். ஷோரூமுக்குப் போனால், "மொத்த செட்டையும் மாத்தணும். அதுக்குப் புது வண்டியே வாங்கிடலாம்" என்கிறார்கள். சிலருக்கு அந்த ஷோரூமே இப்போது இல்லை.

அப்படியானால் வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டியதுதானா? அவசரப்பட வேண்டாம் என்கின்றன சென்னையின் மூன்று வீதிகள்.

தறி ஓடிய பேட்டை

ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டியிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-ல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களுக்காக உருவாக்கப்பட்டது. 'சின்ன தறிப் பேட்டை' என்பதுதான் மருவி சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். தறி ஓடிய இடத்துக்குப் பக்கத்தில் பின்னாளில் ரேடியோ உதிரிபாகம் வந்தது. அடுத்து டிவி, கம்ப்யூட்டர், செல்போன். அந்த வரிசையில் இப்போது லித்தியம் பேட்டரி.

கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து, பாகம் பாகமாக விற்கும் ஊர். அண்ணா சாலைக்கு மறுபுறம், ராயப்பேட்டை பக்கமாக நீளும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, அதாவது ஜி.பி. ரோடு. இங்கே கிடைப்பது புதிய உதிரிபாகங்கள். பேட்டரி, பழைய பாகம், புதிய பாகம் என்று ஒரு பழைய மின் ஸ்கூட்டருக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே நாளில் அலைந்து வாங்கிவிடலாம்.

செத்தது எது?

தமிழ்நாட்டுக்கு மின் ஸ்கூட்டர் புதிதல்ல. 2008-லேயே கோவையில் ஆம்பியர் நிறுவனம் தொடங்கப்பட்டுவிட்டது. அந்தக் காலத்து வண்டிகளும், அதற்குப் பின் வந்த குறைந்த விலை வண்டிகளும் பெரும்பாலும் ஈய பேட்டரியில் ஓடியவை. 12 வோல்ட் பேட்டரி நான்கை வரிசையாக இணைத்து 48 வோல்ட் ஆக்கியிருப்பார்கள்.

இந்த வண்டிகளில் முதலில் களைத்துப்போவது பேட்டரிதான். மோட்டார் அப்படியல்ல. பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் அந்த மோட்டாரில் செயின் இல்லை, கியர் இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை. தேய்வதற்கு உள்ளே இருப்பது பேரிங் மட்டுமே. தண்ணீர் புகாமல், காயில் கருகாமல் இருந்தால் அது பல பேட்டரி செட்டுகளின் ஆயுளைப் பார்த்துவிடும்.

வண்டி திடீரென்று உதறுகிறதா? கிளம்பும்போது முன்னும் பின்னும் நடுங்குகிறதா? மோட்டாரே போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. மோட்டாருக்குள் மூன்று குட்டி ஹால் சென்சார்கள் உண்டு. சக்கரம் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது அவைதான். அதில் ஒன்று போனாலும் இப்படி நடுங்கும். சென்சாரின் விலை குறைவு. சக்திவாய்ந்த காந்தம் உள்ள மோட்டாரைப் பிரித்து மாட்டும் கைவேலைக்குத்தான் காசு.

பேட்டரியிலும் நான்குமே ஒரே நேரத்தில் போவது அபூர்வம். வண்டி ஓடும்போது, சுமை இருக்கும் நிலையில், மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தால் எது சட்டென்று இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று தோன்றும். ஆனால் மூன்று பழசோடு ஒரு புதுசைச் சேர்த்தால், பழையவை புதியதையும் சீக்கிரமே தங்கள் வழிக்கு இழுத்துவிடும். மாற்றினால் நான்கையும் மாற்றுவதுதான் சரி.

25 கிலோ இறங்கினால்...

நான்கையும் மாற்றுவது என்று முடிவானால், மறுபடி ஈயமா அல்லது லித்தியமா என்பது அடுத்த கேள்வி. ஈயம் முதலில் மலிவு. ஆனால் தினமும் ஓட்டினால் இரண்டு வருடம் ஓடுவதே பெரிய விஷயம். லித்தியத்தில் எல்.எஃப்.பி. என்று கடைகளில் சொல்லும் வகை, அதைவிடச் சில மடங்கு அதிகமுறை சார்ஜ் தாங்கும். சூட்டையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். என்.எம்.சி. என்ற இன்னொரு வகை எடை குறைவு, இடமும் குறைவு. ஆனால் சூட்டில் கோபக்காரன்.

எடை வித்தியாசம் கையில் தூக்கினாலே தெரியும். நான்கு ஈய பேட்டரிகள் சேர்ந்தால் ஒரு 25 கிலோ அரிசி மூட்டைக்குக் குறையாது. அதே இடத்தில் உட்காரும் லித்தியம் பேக், பாதி எடைகூட இருக்காது. மேம்பாலத்தில் திணறிய வண்டி மறுபடி ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கணக்கு: 51.2 வோல்ட், 24 ஆம்பியர்-மணி பேக் என்றால் சுமார் 1.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும். மெதுவாக ஓடும் இந்த வகை ஸ்கூட்டர், ஒரு யூனிட்டில் சுமார் 40 கிலோமீட்டர் போகும். பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, கோயில் என்று தினமும் 15 கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டுக்கு மூன்று நாள் கவலையில்லை.

விலைக்கு முன் கேட்க வேண்டியவை

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசாமல் வாங்கினால் வீட்டில் திட்டுதான் கிடைக்கும். ஆனால் பேட்டரி விஷயத்தில் விலைக்கு முன் கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, செல் புதியதா? பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருந்து எடுத்த செல்களுக்குப் புது உறை மாட்டி விற்பவர்களும் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பில், எழுத்தில் வாரன்டி, சோதனைச் சான்று உள்ள தயாரிப்பாளரின் பேக் ஆகியவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இரண்டாவது, பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர்? செல்களுக்குக் காவல்காரன் இந்த போர்டுதான். அதிகம் சார்ஜ் ஏறினாலும், ஒரேயடியாக இறங்கினாலும், சூடு கூடினாலும் இணைப்பைத் துண்டிப்பது இதன் வேலை. வண்டியின் கன்ட்ரோலர் இழுக்கும் மின்னோட்டத்தைவிட இதன் அளவு கூடுதலாக இருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். சார்ஜர்! 48 வோல்ட் ஈய பேட்டரியின் சார்ஜர் கிட்டத்தட்ட 59 வோல்ட் வரை ஏற்றும். 13 அடுக்கு என்.எம்.சி. பேக் 54.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். 16 அடுக்கு எல்.எஃப்.பி. பேக்குக்கு எல்லை 58.4 வோல்ட். பழைய சார்ஜரின் பின் அப்படியே பொருந்தும் என்பதால் செருகிவிடுவார்கள். அது காவல்காரன் தூங்காமல் இருப்பான் என்று நம்பிக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. பேக்குக்கு உரிய சார்ஜரையே வாங்கி, பழையதை அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றிவிடுவது நல்லது.

கூவத்துக்கு அந்தப் பக்கம்

புதுப்பேட்டையில் மழை பெய்தால் தெருவே கறுப்பாகிவிடும். அத்தனை எண்ணெய்! கடை வாசலில் கதவுகள், பம்பர்கள், சைலன்சர்கள் மாடி உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பெட்ரோல் வண்டிகளின் இந்த உலகத்தில் மின் ஸ்கூட்டருக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. பல மின் ஸ்கூட்டர்களின் சக்கரம் 10 அங்குலம். அதற்கான டயர், சாதாரண ஸ்கூட்டர் டயர்தான். கண்ணாடி, ஹாரன், ஸ்டாண்டு, பிரேக் லீவர், சீட் பூட்டு எல்லாமே வேறு வண்டியில் இருந்து பொருத்தி எடுத்துவிடலாம். கம்பெனி மூடிப்போனதால் பாகம் கிடைக்கவில்லை என்று ஓரம்கட்டிய வண்டிக்கு, அதே அளவில் இன்னொரு வண்டியின் பாகத்தை இங்கே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் பிரேக் ஷூ, டயர், பேரிங் மூன்றையும் பழசாக வாங்கவே வேண்டாம். அதற்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. முன்விளக்கையும் மாற்றலாம். பழைய 35 வாட் பல்பு, 250 வாட் மோட்டார் உள்ள வண்டியில் ஏழில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குடிக்கிறது. எல்.இ.டி. போட்டால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

இன்னும் கொஞ்சம் வேகம்?

வேலை முடியும் நேரத்தில் ஒரு ஆசை எட்டிப்பார்க்கும். "கன்ட்ரோலரை மாத்தினா 45, 50-ல போகுமாமே?" போகும். அங்கேதான் சிக்கல்.

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்று அனுமதி பெற்ற மாடல் என்பதால்தான் இந்த வகை வண்டிக்குப் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் அது சட்டத்தின் கண்ணில் பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது. பிரேக்கும் ஃபிரேமும் 25-க்காகச் செய்யப்பட்டவை என்பது அதைவிட முக்கியம். கன்ட்ரோலரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், அதே வாட்டில் சைன் வேவ் வகை கிடைக்கிறது. வேகம் கூடாது, ஆனால் பழைய 'கொர்ர்' சத்தம் அடங்கிவிடும்.

மாடிப்படிக்குக் கீழே வேண்டாம்

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் அவர் மகளும் உயிரிழந்தார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் நடந்த இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, மின் இருசக்கர வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தன. கடை மேஜையில் வைத்துக் கட்டித் தரும் பேக் அந்தச் சோதனைகளைப் பார்த்ததில்லை. சான்று உள்ள பேக் கூடுதல் விலை சொல்வது இதனால்தான்.

சென்னையின் பல வீடுகளில் வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே. சார்ஜ் போடுவதும் அங்கேயே. அவசரத்தில் மொத்தக் குடும்பமும் வெளியே ஓட வேண்டிய ஒரே வழியும் அதுதான்! முடிந்தவரை திறந்த இடத்தில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுவது நல்லது. வெயிலில் ஓட்டி வந்ததும் செருகாமல் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். பேக் உப்பினாலோ, புது வாசனை வந்தாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய பேக்கைக் காயவைத்துப் பயன்படுத்தும் யோசனையே வேண்டாம்.

பழசை என்ன செய்வது?

கழற்றிய ஈய பேட்டரிக்கு மதிப்பு உண்டு. புது பேட்டரி கடையிலேயே எக்ஸ்சேஞ்ச் எடுப்பார்கள். எடைக்குப் போட்டால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி உடைக்கும் இடத்தில் கொடுத்தால், ஈயம் போய்ச் சேர்வது நம் மண்ணிலும் தண்ணீரிலும்தான். 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. லித்தியம் பேக்கைக் குப்பைத்தொட்டியில் போடவே கூடாது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. ஃபிரேமில் துரு ஏறி ஓட்டை விழுந்திருந்தால், முன் ஃபோர்க்கில் விரிசல் இருந்தால், பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் மூன்றும் ஒன்றாகப் போயிருந்தால் விட்டுவிடலாம். அப்போதும் அந்த வண்டியின் கண்ணாடியும் ஸ்டாண்டும் புதுப்பேட்டையில் இன்னொரு வண்டிக்காகக் காத்திருக்கும்.

போகிறவர்களுக்கு...

அரசினர் தோட்டம் மெட்ரோ அல்லது சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடந்து போகும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையிலேயே போனால் கடைக்காரர் நிதானமாகப் பதில் சொல்வார். பேட்டரி பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சார்ஜரைப் பையில் போட மறக்காதீர்கள். "இதே மாதிரி வேணும்" என்று கேட்பதற்கு அல்ல, "இது இனிமே வேண்டாம்" என்று சொல்வதற்கு!