செவியும் மனமும்

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, முதியவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். மகன் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதமாயிற்று என்று சொல்லத் தொடங்கினார். நம் செவி திறந்திருந்தது. மனமோ கோவில் கூரைச் செலவுக் கணக்கில் உழன்றது. இடையே, "மகன் எப்போது திரும்பினான்?" என்று வினவினோம். அவர் நம்மைச் சற்றே நோக்கினார். "வேலையா இருக்கீங்க சாமி, பிறகு வாரேன்" என்று எழுந்து சென்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கின் முதற்சொல்லே 'கேள்' என்பது. குருமடத்தில் அதைக் கற்றோம்; கற்றதோடு சரி.

மறுநாள் அவர் இல்லம் சென்றோம். படியேறுமுன், மனத்தில் ஓடியவற்றை ஒரு தாளில் குறித்துப் பையில் இட்டோம். கணக்கு மீண்டும் தலைகாட்டியபோது அதனோடு மல்லுக்கு நில்லாமல், அவர் முகத்திற்கே திரும்பினோம். ஒரு மணி நேரம் அவரே பேசினார். மகன் இன்னும் வரவில்லை. ஆயினும் விடைகொடுக்கையில், "இன்னைக்குத்தான் சாமி முழுசாச் சொன்னேன்" என்றார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் யாரேனும் 'பிறகு சொல்கிறேன்' என்று எழுந்து போனதுண்டா? இன்றே அவரருகில் சென்று அமருங்கள்.